பானை ஸ்பீக்கர் முதல் டவர் ஸ்பீக்கர் வரை

எங்க கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்துல முதன்முதலா வந்த 'ஹை-ஃபை' எதுன்னு யாராவது கேட்டா, நான் தயங்காம மண்பானைன்னு சொல்லுவேன். சிரிக்காதீங்க மக்களே, சீரியஸா தான் சொல்றேன். எண்பதுகள்ல டீக்கடை, சலூன், தையற்கடை, பேச்சிலர் ரூம்னு எங்க பார்த்தாலும் இந்தச் சமாச்சாரம் இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின வட்ட ஸ்பீக்கர் ஒண்ணு, பானை ஒண்ணு. பானையின் வாய்மேல ஸ்பீக்கரைக் கவிழ்க்காம மல்லாக்க உட்கார வைத்து, ஒயரை டேப்ரிகார்டரில் மாட்டினால் வேலை முடிந்தது. 'தும் தும்'னு பேஸ் வரும்.

இப்போ இந்தப் பதிவுக்கு என்ன அவசியம்? வீட்டுக்கு டவர் ஸ்பீக்கர் வாங்கணும்னு கிளம்புகிற எல்லாரையும் மடக்குகிற கேள்வி ஒன்று இருக்கிறது. "விலை கம்மியான ஜோடி போதுமா, இல்ல கடன் வாங்கியாவது உசத்தி ஜோடி எடுக்கணுமா?" கடைக்காரரைக் கேட்டால் உசத்தியைக் காட்டுவார். நண்பனைக் கேட்டால் அவன் வாங்கினதைக் காட்டுவான். நான் சரித்திரத்தைக் கேட்கலாம்னு உட்கார்ந்தேன். அது சொன்ன பதில் வேற மாதிரி இருந்தது.

முதல்ல பானையின் தத்துவம். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்கும், அதே நொடியில் பின்பக்கக் காற்று தளரும். இரண்டும் ஓரத்தைச் சுற்றி வந்து சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். தாழ்ந்த சுருதியில்தான் இந்த அழிவு அதிகம். அதனால்தான் வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் பேஸே இருக்காது. பின்பக்க ஒலியை எங்காவது அடைத்து வைக்க வேண்டும். டீக்கடைக்காரர் பானைக்குள் அடைத்தார். அமெரிக்காக்காரன் மரப்பெட்டிக்குள் அடைத்தான். சங்கதி ஒண்ணுதான்.

இன்றைக்கும் நாம் கேட்கும் ஸ்பீக்கருக்கு மூலவர்கள் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள். அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 1925-ல் வந்தது. காந்தப் புலத்துக்குள் ஒரு சுருள், அதோடு ஒட்டிய காகிதக் கூம்பு. நூறு வருஷம் ஆகிவிட்டது, அடிப்படை மாறவில்லை. ஒரு சாஃப்ட்வேர் ஆசாமியாகச் சொல்கிறேன், இத்தனை வருஷம் வெர்ஷன் மாறாமல் ஓடுகிற டிசைனைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது :-)

அடுத்து பெட்டி. 1930-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸின் ஆல்பர்ட் துராஸ் ஒரு காரியம் செய்தார். பின்பக்க ஒலியை அடைத்து வீணாக்குவானேன், பெட்டியில் ஒரு துளை போட்டு, அளவு பார்த்து ஒரு குழாய் வைத்தால் அந்த ஒலியும் பேஸுக்கு உதவுமே என்றார். 1932-ல் காப்புரிமை கிடைத்தது. இன்று கடைகளில் நிற்கும் டவர்களில் பெரும்பாலானவற்றின் முன்னாலோ பின்னாலோ இருக்கும் அந்த வட்டத் துளை அவர் போட்டதுதான். காலி பாட்டில் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, அதே வித்தை.

ஆனால் அந்தக் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பெட்டி பீரோ அளவுக்கு வேண்டும். 1946-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பால் கிளிப்ஷ் தொடங்கிய கம்பெனியின் 'கிளிப்ஷ்ஹார்ன்' அறையின் மூலையையே தன் குழலின் நீட்சியாகப் பயன்படுத்தியது. அருமையான சத்தம். ஆனால் அறையில் ஒரு மூலை காலி. மோனோ காலம் என்பதால் ஒன்றோடு போயிற்று.

இங்கேதான் நம்ம கதாநாயகன் வருகிறார். பெயர் எட்கர் வில்ச்சர். 1954-ல் ஹென்றி க்ளாஸ் என்பவரோடு சேர்ந்து மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் 'அகூஸ்டிக் ரிசர்ச்' என்ற கம்பெனி தொடங்கினார். ஏ.ஆர்.-1 என்ற அவர்களுடைய ஸ்பீக்கர் புத்தக அலமாரியில் அடங்கும் அளவு. ஆனால் பேஸில் பீரோக்களோடு மோதியது.

எப்படி? கூம்பை அதன் இடத்துக்குத் திரும்ப இழுக்க அதுவரை விறைப்பான விளிம்பு இருந்தது. வில்ச்சர் அந்த விளிம்பை நன்றாகத் தளர்த்திவிட்டார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். உள்ளே சிக்கிய காற்றே ஸ்பிரிங் ஆகிவிட்டது. துணி ஸ்பிரிங்கைவிடக் காற்று ஸ்பிரிங் சீராக வேலை செய்யும், ஆகவே ஒலிச் சிதைவும் குறைந்தது. பானை ஸ்பீக்கரும் மூடிய பெட்டிதானே, அதில் ஏன் இந்தத் தரம் வரவில்லை என்று கேட்கலாம். காரணம் விறைப்பான மலிவு ஸ்பீக்கர். விறைப்போடு காற்றின் விறைப்பும் சேர, ஒத்ததிர்வு மேலே ஏறி ஒரே சுருதியில் 'தும் தும்' என்று அடிக்கும். பாட்டு எந்த சுருதியில் இருந்தாலும் பானை தன் சுருதியில்தான் பாடும்!

(கொசுறு: ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஹாரி ஓல்சன் 1951-ல் பல வடிவப் பெட்டிகளில் ஒரே ஸ்பீக்கரை மாட்டி அளந்து பார்த்தார். சதுரம், செவ்வகம், உருளை எல்லாவற்றையும்விட மிகச் சீரான ஒலி கொடுத்தது உருண்டை. கூர்மையான ஓரங்களில் ஒலி சிதறுவது அதில் இல்லை. வடிவத்தைப் பொறுத்தவரை நம்ம பானைக்காரர் தோற்கவில்லை.)

1957, 58 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் வந்ததும் நிலைமை தலைகீழ். இப்போது இரண்டு பெட்டி வேண்டும். இரண்டு பீரோவை எந்த வீட்டம்மா கூடத்தில் விடுவார்? வில்ச்சரின் சின்னப் பெட்டிகள் ஜெயித்தன. பல ஆண்டுகள் கழித்துத்தான் இன்றைய ஒல்லி டவர் பரவலானது. கணக்கு எளிது. சின்னப் பெட்டியை ஸ்டாண்ட் மேல் வைத்தாலும் தரையில் அதே இடம்தான் போகிறது. ஸ்டாண்ட் நிற்கும் இடத்தையும் பெட்டியாகவே ஆக்கிவிட்டால் உள்ளளவு மூன்று மடங்கு கிடைக்கும். டிவிடி, ஹோம் தியேட்டர் என்று தொண்ணூறுகளின் கடைசியில் கிளம்பிய அலை டவரை நடுத்தர வீடுகளுக்கும் கொண்டுவந்தது.

நம்ம ஊரில் இந்தக் கதை தாமதமாக ஓடியது. 1991-க்கு முன் வெளிநாட்டு ஸ்பீக்கர் என்றால் இறக்குமதிக் கட்டுப்பாடு, எக்கச்சக்க வரி. கல்ஃபிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் தூக்கி வரும் 'டூ-இன்-ஒன்', இல்லாவிட்டால் பர்மா பஜார். உள்நாட்டில் 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் மாதிரி சில கம்பெனிகள். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் என்றால் 1940-ல் தொடங்கிய டெல்லி அஹுஜா. இளையராஜா 1978-லேயே 'ப்ரியா' பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்துவிட்டார். கேட்கிறவனிடம் இருந்ததோ ஒரு பானை. என் அப்பா சொல்வார்: "ஒரு பானைக்குக் காசு இருந்துச்சு. ரெண்டாவது பானைக்கு ரூம்ல எடம் இல்ல."

சரி, விலைக்கு வருவோம். மலிவு டவர் இன்று ஏன் இவ்வளவு நன்றாக இருக்கிறது? காரணம் ஒரு ஆஸ்திரேலியர். நெவில் தீல் 1961-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஸ்பீக்கரையும் பெட்டியையும் ஒரு மின்சுற்று வடிகட்டி போலக் கணக்கிடலாம் என்பது சாரம். ஆஸ்திரேலிய இதழில் வந்ததால் உலகம் பத்து வருஷம் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் அமெரிக்க ஆடியோ பொறியாளர் சங்க இதழ் மறுபிரசுரம் செய்தது. அதே சமயம் சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 'தீல்-ஸ்மால்' எண்கள் உண்டு. நம்ம பாஷையில் சொன்னால் இன்டர்ஃபேஸ் ஸ்பெக். பெட்டியை அறுத்து அறுத்துப் பார்த்த காலம் போய், கணினியில் எண்ணைப் போட்டால் பேஸ் எங்கே விழும் என்று தெரிந்துவிடும். கஷ்டப்பட்டுச் சேர்த்த தொழில் ரகசியம் கால்குலேட்டர் கணக்காகிவிட்டது. கூடவே தயாரிப்பும் இடம் மாறியது. 1932-ல் கில்பர்ட் பிரிக்ஸ் இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய வார்ஃபடேல் 1997-ல் சீனாவின் ஐ.ஏ.ஜி. குழுமத்திடம் போனது.

அப்போ உசத்தி ஜோடிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் எங்கே போகிறது? இயற்பியலில் ஏமாற்று வேலை நடக்காது. ஒரே சத்த அளவில் 80 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும். அதற்குப் பெரிய காந்தம், நீண்ட சுருள், ஆடாத கனமான பெட்டி எல்லாம் வேண்டும். ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும் என்பது ஸ்பீக்கர் உலகத்தின் பழைய விதி. உசத்தி ஜோடி பெரிய கூடத்தில், அதிகச் சத்தத்தில், சிதையாமல் நிற்கும். பணம் அங்கே நியாயமாகவே போகிறது. மிச்சம் மர வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்.

காதுக்குத் தெரியும் வித்தியாசம் எவ்வளவு என்பதையும் ஒருவர் அளந்தார். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃப்ளாய்ட் டூல் வருஷக்கணக்காக மறைவான கேட்புச் சோதனைகள் நடத்தி 1985, 86-ல் முடிவுகளை வெளியிட்டார். ஸ்பீக்கர் எதுவென்று தெரியாமல் கேட்டால், பெரும்பாலானோர் ஒரே மாதிரி ஸ்பீக்கரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிப்பது எதுவோ, அதை. 1994-ல் ஹார்மன் நிறுவனத்தில் டூலும் ஷான் ஆலிவும் இன்னொரு சோதனை செய்தார்கள். அந்த நிறுவன ஊழியர்கள் 40 பேர், நான்கு ஸ்பீக்கர்கள். அதில் ஒன்று சின்ன, மலிவான செட். திரை போட்டுக் கேட்டபோது அந்தச் சின்னது பெரியவற்றோடு கிட்டத்தட்டச் சமமாக நின்றது. திரையை எடுத்ததும் மதிப்பெண் சரிந்தது, பெரிய டவர்களுக்கு ஏறியது. கண்ணும் கேட்கிறது சார்!

டூலின் 1985 கட்டுரையில் இன்னொரு விஷயம் உண்டு. அதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேட்கும் திறன் குறைந்தவர்கள் கொடுத்த மதிப்பெண்கள் நிலையாக இல்லை. அதே ஸ்பீக்கருக்கு இன்று ஒரு எண், நாளை ஒரு எண்.

நான் ஸ்பீக்கர் வாங்க நினைத்ததே அப்பாவுக்காக. அவர் எண்பதுகளில் இருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்த்தவர். எங்க சிப்காட்டில் இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ரோலிங் மில்களும் நிறைய. மில் பேர் வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த இரைச்சலுக்குள் நின்று, ரிட்டயர் ஆகி, இப்பதான் நிம்மதியாகப் பாட்டுக் கேட்க நேரம் கிடைத்திருக்கிறது. நான் ஒதுக்கிய பணம் 1.5 லட்சம். மனசுக்குள் உசத்தி ஜோடி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால் மொத்தமும் காலி.

டூலைப் படித்த பிறகு முதலில் அப்பாவை ஆடியோகிராம் எடுக்கக் கூட்டிப்போனேன். 500 ஹெர்ட்ஸில் சாதாரணம். 2000-க்கு மேல் கோடு இறங்குகிறது. 4000-ல் 55 டெசிபல் பள்ளம். பிறகு லேசாக ஏறுகிறது. இரைச்சலால் வரும் கேட்புக் குறைவுக்குப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் படமே இதுதான் என்றார் டாக்டர். பாட்டில் 'ச', 'ஸ', 'த' போன்ற எழுத்துகளின் கூர்மை வாழும் இடம் அது. அப்பா வெறும் மெட்டைக் கேட்டுக்கொண்டு வரிகளை நினைவிலிருந்து நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறார். புதுப் பாட்டு எதுவும் அவருக்குப் பிடிக்காமல் போனதற்கு நாங்கள் எல்லாம் ரசனையைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் இன்னொன்றும் நடக்கும். மெதுவாகப் பேசினால் "என்ன?" என்பார். சத்தமாகச் சொன்னால் "ஏன் கத்தற?" என்பார். அம்மாவுக்கு இது பல வருஷக் குறை. உண்மையில் இது நோயின் குணம். உள்காது பாதிக்கும்போது மெல்லிய ஒலி மறைந்துவிடும், பலத்த ஒலி மட்டும் பழைய பலத்தோடே கேட்கும். நடுவில் இருக்கும் வீச்சு சுருங்கிவிடுகிறது. ஆகவே சத்தத்தைக் கூட்டுவது தீர்வே இல்லை. எத்தனை லட்சத்து ஸ்பீக்கர் ஆனாலும் சரி.

இதற்குத் தீர்வைத் தேடிப் போனபோதுதான் சரித்திரம் எனக்கு ஒரு ஆச்சரியத்தை வைத்திருந்தது. 1967-ல் ஒரு மனிதர் தன் கம்பெனியை விற்றுவிட்டு, நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் காது கேட்கும் கருவி ஆராய்ச்சிக்காக ஒரு அறக்கட்டளை தொடங்கினார். ஒலியைச் சுருதி வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் பெருக்க வேண்டும் என்று காட்டினார். 1973-ல் முடிவுகளை வெளியிட்டார். காப்புரிமை எடுக்கவில்லை, யார் வேண்டுமானாலும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய கருவிகளின் அடிப்படை அதுதான். அந்த மனிதர் நம்ம எட்கர் வில்ச்சர்! அலமாரிப் பெட்டிக்குள் பேஸை அடைத்த அதே ஆள். 2011-ல், 94 வயதில் காலமானார். ஸ்பீக்கரைச் சரிசெய்துவிட்டு, அடுத்த பழுது காதில் இருக்கிறது என்று நகர்ந்துவிட்டார் மனுஷன்.

எங்கள் முடிவும் அதே வரிசையில் போனது. பட்ஜெட் டவர் ஜோடி 45,000. ஆம்ப்ளிஃபயர் 20,000. மிச்சம் அப்பாவின் இரண்டு காதுக்கும் கருவி. கருவியில் பேச்சுக்கு ஒரு அமைப்பு, பாட்டுக்கு ஒரு தனி அமைப்பு போட்டுத் தரச் சொன்னோம். பேச்சுக்கு வைத்த அமைப்பில் பாட்டு நசுங்கிக் கேட்கும் என்பதால் இதைக் கேட்டு வாங்குவது முக்கியம். அப்பா முதல் நாள் சொன்னது பாட்டைப் பற்றி இல்லை. "நம்ம ஃபேன் இவ்ளோ சத்தமா ஓடுது?" :-)

டவர் வாங்கப் போகிறவர்களுக்கு அறையைப் பற்றியும் ஒரு கணக்கு. நம்ம ஊர் அறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்து அடி, கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை. நம்ம வெயிலில் ஒலி நொடிக்கு சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. பத்து அடி அகலத்துக்கு அறையின் ஒத்ததிர்வு சுமார் 57 ஹெர்ட்ஸ். பத்து அடி உயரத்துக்கும் அதே 57. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும். பன்னிரண்டு அடிக்கு 48. அதாவது அறையே ஒரு பெரிய பானை! 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் உசத்தி டவரை இதற்குள் மூலையில் நிறுத்தினால் பேஸ் கிட்டார் எல்லாம் ஒரே 'தும்'தான். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள், மூலையைத் தவிருங்கள், திரைச்சீலையும் துணி அலமாரியும் இருக்கட்டும். செலவில்லாத இந்த வேலை, பல ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தை விழுங்கிவிடும்.

ஆக, என் தாழ்மையான கருத்து: கூடம் பெரிசு, சத்தமாகக் கேட்பீர்கள், கையில் பணம் இருக்கிறது என்றால் உசத்தி ஜோடி தாராளமாக வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குக் கடன் வாங்காதீர்கள். கடையில் கேட்கும்போது நண்பனை ஸ்விட்சை மாற்றச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். வீட்டில் நாற்பது தாண்டியவர் கேட்கப்போகிறார் என்றால் முதலில் ஆடியோகிராம்.

பி.கு: சிப்காட் குடும்பங்களுக்கு மட்டும். 2025 வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் மாதிரி விதிகள்படி காதில் பாதுகாப்பு இல்லாமல் 90 டெசிபலில் எட்டு மணி நேரம், 95-ல் நான்கு மணி, 100-ல் இரண்டு மணி நேரம்தான் உச்சவரம்பாக இருந்தது. இரைச்சலால் வரும் கேட்புக் குறைவு சட்டப்படி தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மில்லில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் காதுக்கு அடைப்பான் கேட்டு வாங்குங்கள், வருஷம் ஒருமுறை காதைச் சோதித்து அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். இழப்பீடு கேட்கும் நாள் வந்தால் பேசப்போவது அந்தக் காகிதம்தான். உள்காதில் செத்துப்போன செல் திரும்ப முளைக்காது, அதற்கு எந்தக் கடையிலும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது.